பச்சைப் புள்ளி நாற்பது

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் சொல்லும்போது அன்று காலை மழை பெய்தது. மற்றவர் சொல்லும்போது வெயில் அடித்தது. லிஃப்ட் நின்றது மூன்றாம் மாடியிலா நான்காம் மாடியிலா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. எண்கள் மட்டும்தான் மாறவில்லை. நாற்பது, பன்னிரண்டரை, பதின்மூன்று புள்ளி இரண்டு, ஏழு. இந்த நான்கையும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அந்த எண்களை நம்பித்தான் மற்றதைச் சொல்லப்போகிறேன்.

அது ஸ்பிரிங் செய்கிற பட்டறை. முன்னால் கம்பி சுற்றுகிற இயந்திரங்கள், நடுவில் உலை, கடைசியில் கதவு வைத்த ஒரு சிறிய அறை. அந்த அறைக்குச் சோதனை அறை என்று பெயர். உள்ளே செங்குத்தாக ஓர் இரும்புத் தண்டு இருக்கும். ஸ்பிரிங்கை அந்தத் தண்டில் கோத்து, மேலே ஒரு பெரிய எடைக்கட்டியை உட்கார வைப்பார்கள். கட்டி அமுங்கி ஓரிடத்தில் நிற்கும். அது நிற்கிற உயரத்துக்கு நேராகச் சுவரோரப் பலகையில் ஒரு சிவப்புக் கோட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு கட்டியை இரண்டு விரல்கடை அமுக்கி விட்டால் அது மேலும் கீழும் ஆடத் தொடங்கும்.

ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் நிறுத்து கடிகாரத்தை வைத்திருப்பார். இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வார்கள். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஆட்டம் விரைவாக முடியும், தளர்வாக இருந்தால் நேரம் இழுக்கும். இந்த வகை ஸ்பிரிங்குக்குப் பன்னிரண்டரை வினாடி. கால் வினாடி முன்னே பின்னே இருக்கலாம், அதைத் தாண்டினால் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும்.

எவ்வளவு அமுங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பட்டறையைத் தொடங்கியவருக்கு அளவுகோலில் நம்பிக்கை இருந்ததில்லை. "ஸ்கேலை வச்சா அவனவன் கண்ணு வேணுங்கிற இடத்துல கோடு தெரியும். ஆட்டத்துக்கு யாரு மூஞ்சியும் தெரியாது" என்பாராம். அது உண்மைதான். பலமாக அமுக்கிவிட்டாலும் மெதுவாக அமுக்கிவிட்டாலும் ஓர் ஆட்டத்துக்கு ஆகிற நேரம் ஒன்றே. ஆட ஆட வீச்சு சுருங்கும், நேரம் சுருங்காது. அமுக்குகிறவர் கை நடுங்கினால்கூடக் குற்றமில்லை. ஆட்டத்துக்கு முகம் தெரியாது என்று சொன்னவர் எண்ணுகிற வாயை மறந்துவிட்டார்.

எண்ணுகிறவள் ஒரு பெண். கடிகாரம் பிடித்தவர் அவளுடைய புருஷன். கல்யாணத்துக்கு முன்பே அந்த அறையில் இருவரும் எதிரெதிரே நின்றவர்கள். கட்டி சிவப்புக் கோட்டைக் கீழ்நோக்கிக் கடக்கும் கணத்தில் அவள் "சைபர்" என்பாள், அவர் கடிகாரத்தை அமுக்குவார். அடுத்த முறை கடக்கும்போது "ஒண்ணு". அப்படியே "இருபது" வரைக்கும் வந்ததும் மறுபடி அமுக்குவார். சைபரில் தொடங்குவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கையில் விரல் ஐந்து, நடுவில் இடைவெளி நான்குதான். ஒன்றில் தொடங்கி இருபதில் நிறுத்தினால் கோட்டைக் கடந்தது இருபது தடவை, ஆடியது பத்தொன்பது ஆட்டம்.

அதனால் பட்டறையில் அவளுக்குச் 'சைபர் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை அதிகம் வைத்து விளையாடியவன் அவள் தம்பி.

"எங்க வீட்டுல ரெண்டே பிள்ளைங்க. அக்காவை எண்ணச் சொன்னா, அவ சைபரு, நான் ஒண்ணு" என்பான்.

"ஆமாடா, உன்னை எண்ணத் தொடங்குறதுக்கு முன்னாலயே நான் இருந்தேன். அதை ஞாபகம் வச்சுக்க."

"இருந்தியா? சைபர்னா இல்லைன்னுதானே அர்த்தம்? என்ன மாமா, நீங்களே சொல்லுங்க."

"என்னை இழுக்காத மச்சான். நான் வெறும் கடிகாரம்" என்பார் அவள் புருஷன். அவர் பேசுவதே குறைவு. பேச வேண்டிய இடத்தில் பெரும்பாலும் சட்டைப் பையில் இருக்கும் கடிகாரத்தின் மூடியைத் திறந்து மூடுவார்.

தம்பி ஒரு துணிக் கிடங்கில் சரக்கு லிஃப்ட் ஓட்டினான். கீழே வந்து நிற்கும் வண்டிகளிலிருந்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்டில் மேலே கொண்டு போய் இறக்குவது வேலை. கல்யாணமாகவில்லை, அம்மாவோடு இருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் நாள் முழுக்க மேல போறேன், ஆனா வாழ்க்கையில ஒரு படிகூட ஏறலை" என்று சொல்லிச் சிரிக்கிற ஆள்.

அவள் பிள்ளை பெற்று ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தாள். அவள் இடத்தில் பட்டறைப் போர்மேனே நின்று எண்ணினார். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அம்மாவிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். திரும்பிய முதல் நாள் போர்மேன் கம்பி வாங்குகிற விஷயமாக வெளியே போயிருந்தார். காலையில் நாற்பது ஸ்பிரிங் சோதித்தார்கள். அத்தனையும் பன்னிரண்டரையை ஒட்டியே வந்தன, ஒன்றைக்கூடக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்பதுக்கும் பச்சை மையில் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிறம் வைப்பது அங்கே வழக்கம்.

மத்தியானம் போர்மேன் உள்ளே நுழையும்போதே, "என்ன சைபர் அக்கா, வந்துட்டீங்களா? இனிமே என் தொண்டைக்கு விடுதலை" என்றார். அவள் சிரித்தாள். மத்தியானக் கட்டுக்கு மஞ்சள் புள்ளி.

சில வாரம் கழித்துத் தம்பி பட்டறை வாசலில் வந்து நின்றான். கிடங்கு லிஃப்டின் பிரேக்குக்கு இரண்டு ஸ்பிரிங் வேண்டுமாம். லிஃப்ட் மெக்கானிக் வேறெங்கோ வாங்கிக்கொள்ளலாம் என்றதை இவன்தான் தடுத்திருக்கிறான்.

"எங்க அக்கா எண்ணுன ஸ்பிரிங்குன்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மானத்தைக் காப்பாத்து."

"கண்ணை மூடிக்கிட்டு லிஃப்டு ஓட்டுறவனை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்" என்றாள் அவள்.

ஸ்பிரிங் கட்டிலிருந்து இரண்டைத் தானே எடுத்து, துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பச்சைப் புள்ளி வைத்தவை.

நான்கு மாதம் கழித்து, ஒரு பகல் பொழுதில், லிஃப்ட் மேல்மாடியில் நின்றது. தம்பி தள்ளுவண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்தான். ஒரு கால் மாடியில், ஒரு கால் லிஃப்டுக்குள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் நழுவியது. அறுந்து விழவில்லை, மெதுவாகத்தான் நழுவியது என்றார்கள் பார்த்தவர்கள். மெதுவாக என்றாலும் அவன் காலை எடுக்கும் அளவுக்கு மெதுவாக இல்லை. அந்த இடத்திலேயே அவன் உயிர் போயிற்று.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பிரேக்கின் கட்டை தேய்ந்திருந்தது. ஏற்ற வேண்டியதைவிட நான்கு மூட்டை கூடுதலாக ஏற்றியிருந்தார்கள். ஸ்பிரிங் இரண்டும் உடையாமல் முழுதாக இருந்ததால் பட்டறையிலிருந்து சோதனைத் தாளை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். பச்சைப் புள்ளி, நாற்பது, எல்லாம் பன்னிரண்டரை. தாள் சரியாக இருந்தது. ஸ்பிரிங்கில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தத் தாளைப் போர்மேனின் மேசையில் வைத்து அதிகாரி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனபோது அவள் புருஷன் பக்கத்தில் நின்றார். கடிகாரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார்.

அவளுக்கு அதிகாரிகள் எழுதியது போதவில்லை. தேய்ந்த கட்டை, கூடுதல் மூட்டை, எல்லாம் சரி. ஆனால் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கை அவள் அல்லவா துடைத்துக் கொடுத்தாள்? தன் எண்ணிக்கை சரியாக இருந்ததா என்பதைத் தவிர அவளுக்கு வேறு கேள்வியே இல்லாமல் போயிற்று. சமைக்கும்போது, குழந்தைக்குத் தலை வாரும்போது, அந்த அறையின் கதவைத் திறக்கும்போது அதே கேள்வி. அந்தக் காலையை மனதில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் 'சைபர்' என்று தான் சொல்வது தெளிவாகக் கேட்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆயிரம் காலைகளில் சொன்ன சொல் அது. அதில் இந்தக் காலையின் குரல் எது என்று எப்படிப் பிரிப்பது? நினைவைக் கேட்டால் அது பழக்கத்தைச் சொல்கிறது, நடந்ததைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு நான் சரியாத்தானே எண்ணுனேன்?"

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குழந்தை கரண்டியால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"தாள்லதான் இருக்கே" என்றார்.

"தாளைக் கேக்கலைங்க. உங்களைக் கேக்குறேன்."

"சரியாத்தான் இருந்துச்சும்மா. சாப்பிடு."

அதன் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போகத் தொடங்கினார். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார், இருட்டுவதற்குள் திரும்புவார். எங்கே என்று கேட்டால் "ஒரு வேலை" என்பார். கை முழுக்க எண்ணெய்க் கறை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்கு இது நன்றாக மெல்லக் கிடைத்த விஷயம்.

"என்னடி, உன் வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை ஆனா மணி அடிச்ச மாதிரி கிளம்பிடுறாரு? வேற எங்கயாவது கணக்கு வச்சிருக்காரா?"

"வச்சா வச்சுக்கட்டும்க்கா. அங்கயாவது ரெண்டு வார்த்தை பேசுறாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். தம்பி போனபிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அவன் கேட்டிருந்தால் தொடையைத் தட்டியிருப்பான் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

அம்மா அதற்குள் கொஞ்சம் தேறியிருந்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதலில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதவள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அழுகை சின்னதாகிக்கொண்டே வந்ததே தவிர, வருகிற இடைவெளி மாறவில்லை. அவன் வேலை முடிந்து வாசலில் செருப்பை உதறுகிற நேரம் வந்தால் அம்மாவின் கை முகத்துக்குப் போய்விடும். அன்றும் அதே நேரம், இன்றும் அதே நேரம். எடைக்கட்டியும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள்.

மழைக்காலம் முடிந்து கட்டிலுக்கு அடியில் ஒட்டடை அடிக்கும்போது துடைப்பம் எதிலோ இடித்தது. சாக்குமூட்டை. இழுத்தால் வரவில்லை, அவ்வளவு கனம். வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். உள்ளே ஸ்பிரிங்குகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து எண்ணினாள். முப்பத்தொன்று. எல்லாவற்றிலும், எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே, பச்சைப் புள்ளி.

அவள் தரையில் உட்கார்ந்தாள். விற்றுப்போனவை ஏன் வீட்டுக்கு வந்தன? ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் எண்ணெய்க் கறைக்கும் அர்த்தம் தெரிந்தது. ஆனால் அவர் ஏன் அவற்றைக் கழற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதற்கு மட்டும் மனம் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. ஒன்றை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்றதை இருந்தபடியே கட்டி உள்ளே தள்ளினாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே மரத்தடியில் இருந்தபோது அவள் சோதனை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். புருஷன் மேசையில் விட்டுப்போன கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். ஸ்பிரிங்கைத் தண்டில் கோத்தாள், கட்டியை ஏற்றினாள், அமுக்கி விட்டாள். எண்ணுவதும் அவளே, கடிகாரமும் அவளே.

சைபர். அமுக்கினாள். இருபது. அமுக்கினாள்.

பதின்மூன்று புள்ளி இரண்டு.

மறுபடி செய்தாள். பதின்மூன்று புள்ளி இரண்டு. கை நடுங்கியது. கை நடுங்கினால் குற்றமில்லை என்று சொல்வார்களே, மூன்றாம் தடவையும் அதேதான். அளவுமானியை எடுத்துக் கம்பியின் பருமனைப் பார்த்தாள். ஒரு மயிரிழை மெல்லிசு. அந்தக் கட்டுக்கு வந்த கம்பிச் சுருளே மெல்லிசாக வந்திருக்கிறது. மெல்லிய கம்பியென்றால் தளர்ந்த ஸ்பிரிங். அன்று காலையே இது கழிந்து பழைய இரும்புக் குவியலுக்குப் போயிருக்க வேண்டியது. தாளில் மட்டும் பன்னிரண்டரை.

எப்படி வந்தது பன்னிரண்டரை என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது.

அம்மா வீட்டு நடையில் குழந்தைக்கு ஒரு ஊஞ்சல் கட்டியிருந்தது. குழந்தை ஏறி உட்கார்ந்துகொண்டு, "தள்ளு, தள்ளு" என்றது. அவள் எதையோ நினைத்துக்கொண்டே பின்னால் இழுத்துப் பிடித்து விட்டாள். கை பலகையை விட்ட அந்தக் கணத்தில் அவள் வாய், "ஒண்ணு" என்றது.

குழந்தையும் "ஒண்ணு!" என்றது.

ஊஞ்சல் போய்த் திரும்பி வந்தது. அவள் தள்ளவில்லை. ஊஞ்சல் தானாகப் போனது, வந்தது, போனது, வந்தது. குழந்தை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

குழந்தை உட்காரத் தொடங்கியதிலிருந்து வேலைக்குத் திரும்பும் வரைக்கும், ஒரு நாளைக்கு நூறு தடவை, இந்த நடையில் நின்றுகொண்டு அவள் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறாள். தள்ளலை எண்ணுகிறவர்கள் ஒன்றில்தான் தொடங்குவார்கள். வேறெப்படித் தொடங்க முடியும்? அந்த வாயோடுதான் அன்று காலை அந்த அறைக்குள் போயிருக்கிறாள். பத்தொன்பது ஆட்டத்தின் நேரத்தை இருபது ஆட்டத்தின் நேரம் என்று எழுத வைத்திருக்கிறாள். நல்ல ஸ்பிரிங்காக இருந்திருந்தால் நேரம் குறைந்து காட்டி அன்றே அகப்பட்டிருக்கும். மெல்லிய கம்பி நேரத்தை இழுத்தது, அவள் வாய் ஓர் ஆட்டத்தை விழுங்கியது. இரண்டும் ஒன்றை ஒன்று மூடிக்கொண்டன. மத்தியானம் போர்மேன் 'சைபர் அக்கா' என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் பழைய ஆளானாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாக்குமூட்டையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து அறை நடுவில் வைத்துவிட்டு, அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் உள்ளே வந்தார். மூட்டையைப் பார்த்தார். பையை ஆணியில் மாட்டினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், கடிகாரம் அவள் மடியில் இருந்தது. அவரும் உட்கார்ந்தார்.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிறகு இன்னொன்று. எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்து போனது, வெட்கம் வந்து போனது, கடைசியில் களைப்பு மட்டும் மிஞ்சியது.

"பதிமூணு புள்ளி ரெண்டு" என்றாள்.

"ம்."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"அந்த ஆபீசர் தாளைத் தடவுனாரே, அப்ப. நாப்பதும் ஒரே மாதிரி பன்னண்டரை. உன் குரல் காதுல கேட்டுச்சு."

"ஒண்ணுன்னா சொன்னேன்?"

"ஒண்ணுன்னுதான் சொன்ன."

"நீங்க ஏன் நிறுத்தலை? நான் முட்டாள்தனமா ஒண்ணுன்னு சொன்னா, நீங்க ஏன் அமுக்குனீங்க?"

அவர் கையை விரித்தார். அவள் அவரோடு வாழ்ந்த வருஷங்களில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"ஒன்றரை வருசம் அந்த ரூமுல போர்மேன் குரலையே கேட்டுக்கிட்டு நின்னேம்மா. அன்னிக்குத்தான் உன் குரல் கேட்டுச்சு. நீ வாயைத் தெறந்த, நான் அமுக்கிட்டேன். என்ன நம்பருன்னு எவன் பாத்தான்? சந்தோசமா இருந்துச்சு. அவ்வளவுதான். என் தப்பும்தான் அது. தனியா உன்னுது இல்ல."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். கைகளுக்குள்ளிருந்தே கேட்டாள்.

"மிச்சம் எங்க?"

"மச்சான் லிஃப்டுல இருந்த ரெண்டை ஆபீசருங்க கொண்டு போயிட்டாங்க. முப்பத்தொண்ணு இங்க இருக்கு. சரக்கு அனுப்பின புஸ்தகத்தைப் பாத்து ஒவ்வொரு எடமா போனேன். 'கம்பெனிலேருந்து சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்'னு சொல்லி மாத்திட்டு வந்தேன். இன்னும் ஏழு. அதுல மூணு ரொம்பத் தூரம். எப்படியும் ஆறு மாசத்துல..."

"ஆறு மாசம்."

"ஞாயித்துக்கிழமைதானே போக முடியுது."

"அந்த ஆறு மாசத்துல அந்த ஏழுல எவ தம்பி ஏறி இறங்குறானோ, தெரியுமா உங்களுக்கு?"

அவர் மூட்டையின் கயிற்றைப் பிடித்துத் திருகினார்.

"சொல்லிட்டா ஒரே நாள்ல ஆளனுப்பி மாத்துவாங்க" என்றாள்.

"சொன்னா உன் அம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதுக்குத்தாம்மா நான் இந்த மூட்டையைச் சுமந்தேன்."

"சுமந்தது போதுங்க" என்றாள். "இறக்கி வைங்க."

மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன்பு இருவருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போர்மேனின் மேசைக்கு எதிரில் வைத்தார்கள். புருஷன் பேச வாயெடுத்தார். அவள் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்திவிட்டுத் தானே சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஊஞ்சலையும் சொன்னாள். போர்மேன் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பச்சைப் புள்ளியை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் வெளிய போகாம இருந்திருந்தா..." என்று தொடங்கினார். பிறகு "ஏழும் எங்கெங்க இருக்கு?" என்று கேட்டுக் காகிதத்தை எடுத்தார்.

அம்மாவிடம் சொல்ல அவள் தனியாகத்தான் போனாள். மத்தியானத் தூக்கம் முடித்து அம்மா நடையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை உள்ளே தூங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குச் சைபரும் ஆட்டமும் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கடைசியில் புரிய வேண்டியது புரிந்தது.

அம்மா ஊஞ்சல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிழல் நடையின் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகர்ந்தது.

"இதை நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"எனக்கும்?"

"உனக்கும்."

"அப்புறம் எதுக்குடி வந்து சொன்ன? நான் கேட்டேனா?" அம்மா கயிற்றை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அவன் போனதைத்தான் ஒரு வழியா முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப உன்னையும் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

"இன்னும் ஏழு இருந்துச்சும்மா" என்றாள் அவள்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாசலை விட்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, தம்பி வேலை முடிந்து வருகிற நேரம் ஆகியிருந்தது.

பிறகு ஆனதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஏழில் ஆறை அந்த வாரத்திலேயே மாற்றினார்கள். ஏழாவது இருந்த கட்டடத்தை இடித்துவிட்டிருந்தார்கள். அந்த லிஃப்ட் இயந்திரத்தை யார் எடுத்துப் போனார்கள், வேறெங்காவது மாட்டினார்களா என்று தெரியவில்லை. கடைசிவரை அது கிடைக்கவில்லை. விசாரணையை மறுபடி திறந்தார்கள். தேய்ந்த கட்டை, கூடுதல் மூட்டை, தளர்ந்த ஸ்பிரிங் என்று மூன்று காரணம் எழுதினார்கள். ஸ்பிரிங் சரியாக இருந்திருந்தால் லிஃப்ட் நின்றிருக்குமா என்ற கேள்விக்கு, சொல்ல முடியாது என்று எழுதினார்கள். பட்டறையில் இப்போது சிவப்புக் கோட்டுக்குப் பதில் ஒரு விளக்கும் அதன் ஒளியைப் பார்க்கிற ஒரு கண்ணும் வைத்த கருவி எண்ணுகிறது. போர்மேன் ஓய்வு பெற்றுவிட்டார். கம்பிச் சுருள் வந்ததும் கையாலேயே பருமன் அளந்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும் என்பதை அவர் கடைசி நாள் வரைக்கும் விடவில்லை. இருவரையும் சோதனை அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் அங்கேயே கட்டி அனுப்புகிற பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் சில சமயம் பையை எடுத்துக்கொண்டு பழைய இயந்திரம் விற்கிற இடங்களில் அந்தப் பச்சைப் புள்ளியைத் தேடிப் போகிறார். அவள் வேலையை விட்டுவிட்டுத் துணி தைக்கிறாள். அம்மா பதினோரு மாதம் அவளிடம் பேசவில்லை. பேசத் தொடங்கிய அன்று, குழந்தைக்கு ஜுரமா என்று கேட்டாள். அதன் பிறகு நான்கு வருஷம் இருந்து இறந்துபோனாள். ஊஞ்சலைக் கழற்றவில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள், ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறாள், யாரும் அவளைத் திருத்தவில்லை.